‘பெரிய’ என்பதற்கு எதிர் ‘சிறிய’ மட்டுமா?
ஆங்கிலப் பெயரடைகளும் அவற்றின் எதிர்ச்சொற்களும்

டெங்கில் வட்டாரத்தில் பால் வெட்டிப் பழகிய குடும்பங்களுக்குப் பிராங் பெசார் தோட்டத்தைப் பற்றி நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. முதல் உலகப் போரில் பங்குகொண்டு மீண்ட பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகள் 1921ஆம் ஆண்டில் அமைத்த இரப்பர்த் தோட்டம் அது. தாங்கள் கண்டுவந்த போரின் நினைவாக அதற்கு மலாய் மொழியிலேயே பெயர் சூட்டினர். அங்கு உருவாக்கப்பட்ட உயர்விளைச்சல் மரவகைகள் பி.பி. 86, பி.பி. 260 என்றெல்லாம் இன்றும் அத்தோட்டத்தின் முதலெழுத்துகளைத் தாங்கி உலகின் பல நாடுகளில் வழங்குகின்றன. தோட்டம் இன்று இல்லை. 1995ஆம் ஆண்டு முதல் அந்நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. 2001 பிப்ரவரி முதல் நாள் அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று.

அத்தோட்டத்தின் பெயரிலேயே நமது பாடம் தொடங்குகிறது. ‘பெராங்’ என்றால் போர். ‘பெசார்’ என்றால் பெரிய. இதனை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கூறுமாறு ஆறாம் ஆண்டு மாணவனைக் கேட்டால், ‘பிக் வார்’ என்று உடனே விடை தருவான். ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் தொடர் தவறு. ஆங்கிலேயர் அப்போரை ‘தி கிரேட் வார்’ என்றே அழைத்தனர். இரண்டாம் உலகப் போர் மூளும் வரை அதற்கு அதுவே பெயராக வழங்கிற்று. மலாய் மொழியில் ‘பெசார்’ என்னும் ஒரே சொல் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘பிக்’, ‘லார்ஜ்’, ‘கிரேட்’ என்னும் மூன்று சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன.

‘பிக்’ அன்றாடப் பேச்சுக்குரியது. கண்ணுக்குத் தெரியும் பருமனைச் சொல்வது. பிக் டாக், பிக் பாக்ஸ் என்பன போல வரும். ‘லார்ஜ்’ சற்று மரியாதையான சொல். பரப்பையும் அளவையும் குறிப்பதற்கு ஏற்றது. ஓர் எழுத்தர் அறிக்கையில் ‘லார்ஜ் எஸ்டேட்’ என்றும் ‘லார்ஜ் சம்’ என்றும் எழுதுவார். ‘கிரேட்’ என்பதோ பருமனைச் சொல்வதன்று; பெருமையை, விளைவை, மனத்தில் பதிந்த கனத்தைச் சொல்வது. ஆகவே இம்மூன்றுக்கும் எதிர்ச்சொல்லும் ஒன்றாக இருக்க இயலாது. ‘பிக் பாக்ஸ்’ என்பதற்கு எதிர் ‘ஸ்மால் பாக்ஸ்’. பெரிய தோட்டத்திற்கு எதிராகச் சிறு தோட்டத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்மால் ஹோல்டிங்’ என்பர். ‘கிரேட் வார்’ என்பதற்கு எதிராக ‘ஸ்மால் வார்’ என்றால் ஆங்கிலம் அறிந்தவர் நின்று யோசிப்பார். ‘மைனர் வார்’ என்றால் புரிந்துகொள்வார். ‘கிரேட் மேன்’ என்பவருக்கு எதிரானவர் குள்ளர் அல்லர். ‘ஆர்டினரி மேன்’, அதாவது நம்மைப் போன்ற சாதாரண மனிதர். ‘கிரேட் கிராண்ட்ஃபாதர்’ என்னும் கொள்ளுத் தாத்தாவுக்கோ எதிரே இல்லை.

இது ஆங்கிலத்தின் கோணல் என்று எண்ணிவிட வேண்டா. தோட்டத்தில் நாம் ‘பெரிய துரை’ என்றும் ‘சின்னத் துரை’ என்றும் வழங்கி வந்தோம். பெரிய துரை ஐந்தடி உயரமாகவும் சின்னத் துரை ஆறடியாகவும் இருந்ததுண்டு. அதனால் யாரும் பெயரை மாற்றிவிடவில்லை. அங்கே ‘பெரிய’ என்பது பதவியைச் சொன்னது. இதனை ஆங்கிலத்தில் ‘பிக் மேனேஜர்’, ‘ஸ்மால் மேனேஜர்’ என்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும். முன்னவர் ‘மேனேஜர்’, பின்னவர் ‘அசிஸ்டன்ட் மேனேஜர்’. பெரிய கிராணி ‘சீனியர் கிளார்க்’ அல்லது ‘சீஃப் கிளார்க்’. சின்னக் கிராணி ‘ஜூனியர் கிளார்க்’. ஆக, தமிழில் ஒரே இணையாக நிற்கும் பெரிய, சின்ன என்பவை ஆங்கிலத்திற்குச் செல்லும்போது தாம் தழுவி நிற்கும் பெயர்ச்சொல்லைப் பார்த்து உடை மாற்றிக்கொள்கின்றன.

நம் இலக்கணிகளும் இதனை அறியாதவர்கள் அல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலில் பண்புப்பெயர்களைக் கூறுமிடத்தில் செம்மை, சிறுமை, சேய்மை எனத் தொடங்கிப் பதினொரு பண்புகளை மட்டும் எண்ணிவிட்டு, எஞ்சியவற்றை ‘இவற்றின் எதிர்’ என்னும் பொருளில் ஒரே சொல்லால் அடக்கிவிடுகிறார். சிக்கனமான வழிதான். எனினும் அந்தச் செம்மைக்கு எதிர் எது என்று தேடப் புகுந்தால் பாடம் நீண்டுவிடும். செங்கோலுக்கு எதிர் கொடுங்கோல், செந்தமிழுக்குக் கொடுந்தமிழ், செந்நெல்லுக்கு வெண்ணெல். ஒரே செம்மைதான், கோலோடு சேர்ந்தால் நேர்மை, தமிழோடு சேர்ந்தால் திருத்தம், நெல்லோடு சேர்ந்தால் நிறம். அடுத்துள்ள பெயரைப் பார்த்தே எதிரைச் சொல்ல வேண்டும் என்பதனை நாம் தமிழிலேயே நாள்தோறும் கடைப்பிடிக்கிறோம். ஆங்கிலத்தில் மட்டும் அகராதியைப் புரட்டி ஒரு சொல்லுக்கு ஓர் எதிரை நெட்டுருச் செய்கிறோம்.

பெயரைப் பார்த்து எதிரைச் சொல்லுக

‘ஷார்ப்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பால் வெட்டும் கத்தி ‘ஷார்ப்’ ஆக இருந்தால்தான் பட்டை சீராக வரும். மழுங்கிய கத்தி ‘பிளண்ட்’. சாலையில் வரும் திடீர் வளைவும் ‘ஷார்ப் பெண்ட்’ ஆகும். அதற்கு எதிர் ‘பிளண்ட்’ அன்று, ‘ஜென்டில் பெண்ட்’. வகுப்பில் கூர்மையான அறிவுடைய பிள்ளையும் ‘ஷார்ப்’தான், அதற்கு எதிர் ‘டல்’. ‘பிளண்ட்’ என்று ஒரு மனிதரைச் சொன்னால் அவர் மந்தமானவர் என்று பொருளன்று. ஒளிவு மறைவின்றி முகத்துக்கு நேரே பேசுபவர் என்று பொருள். ஆசிரியர் உங்கள் மகனை ‘பிளண்ட்’ என்று எழுதியிருந்தால், அறிவில் குறைவு என்று வருந்தற்க. வாயை அடக்கச் சொல்லுங்கள்.

‘ஓல்ட்’ என்பதில் நாம் இடறி விழுவது மிகுதி. தமிழில் முதியவர் வேறு, பழைய சட்டை வேறு, முன்னாள் மண்டோர் வேறு. ஆங்கிலம் இம்மூன்றையும் ‘ஓல்ட்’ என்று ஒரே கூடையில் போடும். ஓல்ட் மேனுக்கு எதிர் ‘யங் மேன்’. பழைய சட்டைக்கு எதிர் ‘நியூ ஷர்ட்’. மரத்திற்கு ‘யங் டிரீ’. ஒருவர் ‘மை ஓல்ட் மேனேஜர்’ என்று சொன்னால் அந்த மேனேஜருக்கு முப்பது வயதுகூட இருக்கலாம். முன்பு மேனேஜராக இருந்தவர் என்பதே கருத்து. அங்கே எதிர், ‘பிரெசன்ட் மேனேஜர்’.

‘லைட்’ என்பதும் அத்தகையதே. எடை குறைந்த பெட்டிக்கும், தூறலாகப் பெய்யும் மழைக்கும் எதிர் ‘ஹெவி’. வெளிர் நிறத்திற்கு எதிர் ‘டார்க்’. இலேசான உறக்கத்திற்கு எதிர் ‘டீப்’. மருத்துவர் ‘லைட் டூட்டி’ என எழுதித் தந்தால் விடுமுறை என்று பொருளன்று. கனமான வேலை கூடாது, ஆனால் வேலைக்குப் போகலாம் என்பதாகும். ‘அன்ஃபிட் ஃபார் டூட்டி’ என எழுதினால் அன்று வேலைக்குப் போகலாகாது. இதே ‘அன்ஃபிட்’ தகுதியற்றவர் என்னும் பொருளிலும் வருவதால், மருத்துவச் சீட்டில் அச்சொல்லைக் கண்டு ஒருவர் தம்மை வேலையை விட்டே நீக்கிவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. அங்கே அது உடல்நிலையை, அதுவும் சீட்டில் குறித்த நாள்களுக்கு மட்டும் சொல்வது.

‘ஃபிரெஷ்’ என்பதனைப் புதிய என்று மட்டும் மனனம் செய்தவர்கள் ‘ஃபிரெஷ் வாட்டர் ஃபிஷ்’ என்பதனைப் புதுத் தண்ணீர் மீன் எனப் பெயர்த்துவிடுவர். அது லங்காட் ஆற்றில் பிடிபடும் நன்னீர் மீன். அங்கே எதிர் ‘சால்ட் வாட்டர்’. ரொட்டிக்கு எதிர் ‘ஸ்டேல்’. சந்தையில் மீனுக்கு மூன்று எதிர்கள் உண்டு: உறைய வைத்தது ‘ஃபுரோசன்’, கருவாடு ‘டிரைட்’, கெட்டது ‘ரோட்டன்’. இவற்றுள் எதனை மனத்திற்கொண்டு ‘நாட் ஃபிரெஷ்’ என்றீர்கள் என்பது மீன்காரருக்குத் தெரியாது. தெரியாததுபோல் இருப்பதும் அவருக்கு நல்லது.

இரண்டு முனைகளும் இடையிலுள்ள படிகளும்

எல்லாப் பெயரடைகளும் இரண்டு முனைகளோடு முடிந்துவிடுவதில்லை. சில, ஏணி போன்றவை. ‘ஹாட்’ மேல்படி, அதற்குக் கீழே ‘வார்ம்’, பிறகு ‘கூல்’, அடியில் ‘கோல்ட்’. குழந்தைக்குக் குளிக்க ஊற்றும் வெதுவெதுப்பான நீரை ‘ஹாட் வாட்டர்’ என்று மருத்துவச்சியிடம் சொன்னால் அவர் பதறிப்போவார்.

தோட்டத்தவருக்கு இந்த ஏணியை விளக்கச் செம்பனைக் குலையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பழுத்ததற்கு ஆங்கிலம் ‘ரைப்’. அதற்கு எதிர் ‘அன்ரைப்’ என்று பள்ளிப் புத்தகம் அத்தோடு விட்டுவிடும். ஆலை வாசலில் அது போதாது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர வகைப்பாட்டில் ‘அன்ரைப்’, ‘அண்டர்ரைப்’, ‘ரைப்’, ‘ஓவர்ரைப்’, ‘ரோட்டன்’ எனப் பல படிகள் உண்டு. கறுத்த அல்லது கருஞ்சிவப்பு நிறத்தோடு, ஒரு பழமும் உதிராத குலை ‘அன்ரைப்’. நம் வழக்கில் காய். நிறம் சிவக்கத் தொடங்கிச் சில பழங்களே உதிர்ந்திருக்குமாயின் ‘அண்டர்ரைப்’. நம் வழக்கில் செங்காய். செம்மஞ்சள் நிறம் ஏறி, பழம் உதிர்ந்த புதிய குழிகள் பத்துக்குக் குறையாமல் இருந்தால் ‘ரைப்’. பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டால் ‘ஓவர்ரைப்’.

‘அன்’ என்பதும் ‘அண்டர்’ என்பதும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கும். முன்னது ‘இல்லை’ என்று மறுக்கிறது. பின்னது ‘போதவில்லை’ என்று குறை சொல்கிறது. பழுக்காத குலைக்குக் கூலியில் பிடித்தம் செய்யும் தோட்டங்களில் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு காசு. சீட்டில் ‘அன்ரைப்’ என்று எழுதியிருக்க, குலையில் ஏழெட்டுக் குழிகள் தெரிந்தால், ‘திஸ் பன்ச் இஸ் நாட் அன்ரைப், இட் இஸ் அண்டர்ரைப்’ என்று குலை வெட்டியவர் சொல்ல வேண்டும். ‘நாட் அன்ரைப்’ என்பதோடு நிறுத்திக்கொண்டால், ‘அப்படியானால் ரைப் என்கிறாயா?’ என்ற கேள்வி வரும். அதற்கு உண்மையான விடை இல்லை. ஏணிச் சொற்களில் ஒரு முனையை மறுப்பதால் மறுமுனையை ஏற்றதாகாது. விலை ‘நாட் சீப்’ என்றால் கொள்ளை விலை என்பதன்று. ‘நாட் எக்ஸ்பென்சிவ்’ என்றால் மலிவு என்பதும் அன்று.

மற்றொரு வகைச் சொற்களுக்குப் படிகளே இல்லை. ‘டெட்’ என்றால் இறந்தது, ‘அலைவ்’ என்றால் உயிருள்ளது, இடையில் ஒன்றுமில்லை. ‘லீகல்’, ‘இல்லீகல்’ என்பனவும் அவ்வாறே. இவற்றின் முன் ‘வெரி’ சேர்த்து எழுதலாகாது. ‘வெரி டெட்’ என்று எழுதுபவர் மிகவும் செத்தது என்கிறார்.

தலைகீழாகப் பொருள்தரும் முன்னொட்டுகள்

‘அன்’, ‘இன்’, ‘இம்’, ‘டிஸ்’ ஆகிய முன்னொட்டுகள் எதிர்மறை தருவன என்பதனை யாவரும் அறிவர். ‘ஹேப்பி’, ‘அன்ஹேப்பி’, ‘கரெக்ட்’, ‘இன்கரெக்ட்’, ‘பாசிபிள்’, ‘இம்பாசிபிள்’, ‘ஆனஸ்ட்’, ‘டிஸ்ஆனஸ்ட்’. இதனை நம்பியே உயிருக்கு ஆபத்து வரக்கூடிய ஓர் இடம் உண்டு. ‘ஃபிளேமபிள்’ என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. அப்படியானால் ‘இன்ஃபிளேமபிள்’? தீப்பற்றாதது என்று நினைப்பது இயற்கை. உண்மை நேர்மாறானது. இவ்விரு சொற்களுக்கும் பொருள் ஒன்றே. அங்குள்ள ‘இன்’ மறுப்பு அன்று; ‘இன்ஃபிளேம்’, அதாவது மூட்டு என்னும் வினையின் பகுதி. தீப்பற்றாதது ‘நான்ஃபிளேமபிள்’. பெட்ரோல் லாரியின் பின்புறத்தில் இச்சொல்லைக் கண்டு, பாதுகாப்பானது என்று எண்ணி அருகில் நின்று சுருட்டுப் பற்ற வைப்பவர் எவரும் இருக்கலாகாது. ஐயமிருப்பின் அதன் பக்கத்திலுள்ள மலாய்ச் சொற்றொடரைப் பாருங்கள். ‘மூடா தெர்பாக்கார்’ என்பதில் குழப்பத்திற்கு இடமே இல்லை.

‘இன்வேல்யுவபிள்’ என்பதும் இத்தகைய மாயக்காரச் சொல். மதிப்பற்றது என்று தோன்றும். மதிப்பிட முடியாத அளவுக்கு அருமையானது என்பதே பொருள். ‘பிரைஸ்லெஸ்’ என்பதும் அதுவே. மதிப்பற்றதற்கு ‘வொர்த்லெஸ்’ என்று வேறு சொல் உண்டு. ஓய்வு பெறும் தொழிலாளிக்கு நிர்வாகம் தரும் நற்சான்றில் ‘இன்வேல்யுவபிள் சர்வீஸ்’ என இருந்தால் சண்டைக்குப் போகாமல் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம்.

மருந்துக் குப்பிகளின் மேல் வரும் பெயரடைகளுக்கு வருவோம். வேலையிடத்து இரசாயனப் பொருள்களின் முகப்புச்சீட்டைப் பற்றி மலேசியாவில் 2013ஆம் ஆண்டு விதிமுறைகள் உள்ளன. உலக முழுவதற்கும் பொதுவான முறையைத் தழுவியவை அவை. விழுங்கினால் நேரக்கூடிய தீங்கு அங்கே மூன்று படிகளாகச் சொல்லப்படும். ‘ஹார்ம்ஃபுல்’ என்றால் தீங்கு தருவது. ‘டாக்சிக்’ என்றால் நஞ்சு. ‘ஃபேட்டல்’ என்றால் உயிரைப் போக்குவது. மலாய் மொழியில் இவை முறையே ‘மெமுடாராட்கான்’, ‘டோக்சிக்’, ‘மாவுட்’. தமிழில் எல்லாவற்றையும் ‘விஷம்’ என்று ஒரே சொல்லால் சொல்லி முடித்துவிடுகிறோம். எல்லாம் விஷந்தானே என்று அலட்சியம் பிறப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. ‘ஹார்ம்ஃபுல்’ எழுதிய குப்பியைப் பல ஆண்டுகள் கையாண்டு ஒன்றும் நேராதவர், ‘ஃபேட்டல்’ எழுதிய குப்பியையும் அதே துணிவோடு திறப்பார். தோட்டங்களில் நெடுங்காலம் புழங்கிய பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, சிறிதளவு விழுங்கினாலும் உயிரைக் குடிக்கவல்லது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து அது இந்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. இம்மூன்று சொற்களுக்கும் பொதுவான எதிர் ‘ஹார்ம்லெஸ்’, தீங்கற்றது. முகப்புச்சீட்டில் எச்சரிக்கை காணப்படாமையால் ஒரு பொருள் ‘ஹார்ம்லெஸ்’ ஆகிவிடாது. சீட்டு கிழிந்தும் இருக்கலாம். குளிர்பானப் புட்டியில் மருந்தை யாரேனும் ஊற்றியும் வைத்திருக்கலாம்.

‘பெர்மனென்ட்’ என்றால் என்றென்றுமா?

பாரங்களிலும் கடிதங்களிலும் அடிக்கடி காணப்படும் இணை, ‘பெர்மனென்ட்’, ‘டெம்பரரி’ என்பதாகும். நிரந்தர, தற்காலிக என்று தமிழாக்கம் செய்துவிடுகிறோம். நிரந்தரம் என்றதும் நம் மனத்தில் முடிவே இல்லாத ஒன்று தோன்றுகிறது. அதற்குரிய ஆங்கிலச் சொல் ‘எடர்னல்’. அது சமயத்திற்குரியது, அலுவலகத்திற்குரியது அன்று. ‘பெர்மனென்ட் ஒர்க்கர்’ என்பவர் முடிவுத் தேதி குறிக்கப்படாத தொழிலாளி. ஓய்வு வயது வந்தால் அவரும் வேலையை விட வேண்டியவரே; 2013 ஜூலை முதல் தனியார் துறையில் அவ்வயது 60க்குக் குறையலாகாது. பல் மருத்துவர் சொல்லும் ‘பெர்மனென்ட் டூத்’ கிழப்பருவத்தில் விழுந்துவிடும். அதற்கு எதிரே ‘டெம்பரரி டூத்’ என்று அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் சொல்வதில்லை. ‘மில்க் டூத்’ என்பர். நம் பால்பல்லேதான்.

இவ்விணையில் நம்மவர் பலருடைய வாழ்க்கையே அடங்கியிருக்கிறது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர் ‘பெர்மனென்ட் ரெசிடென்ட்’, அதாவது நிரந்தரவாசி. பச்சை அட்டை வைத்திருப்பவர் ‘டெம்பரரி ரெசிடென்ட்’. நீல அட்டை வைத்திருப்பவரே ‘சிட்டிசன்’, குடிமகன். ‘நான் இந்த மண்ணிலே பிறந்தவன், என் அட்டையிலும் பெர்மனென்ட் என்றுதானே இருக்கிறது’ என்று முதியவர்கள் சிலர் நிம்மதியாக இருந்துவிடுகின்றனர். அப்பெயரடை ‘ரெசிடென்ட்’ என்னும் பெயரோடு சேர்ந்தது என்பதனை மறத்தலாகாது. அது வசிப்பை நிரந்தரமாக்குகிறதேயன்றிக் குடியுரிமையைத் தருவதில்லை. வாக்களிக்கும் உரிமை அதனால் கிட்டாது. ‘சிட்டிசன்’, ‘நான் சிட்டிசன்’ என இரண்டு கட்டங்கள் மட்டுமே உள்ள பாரத்தில் நிரந்தரவாசி இரண்டாவது கட்டத்தில்தான் குறியிட வேண்டும். ஆகவே அட்டையின் நிறம் சிவப்பாக உள்ள பெரியவர் வீட்டில் இருப்பாராயின், ‘பெர்மனென்ட்’ என்னும் சொல்லின் இனிமையில் மயங்கிக் குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப் போட வேண்டா.

வீட்டைப் பற்றிய பெயரடைகள்

புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார், காலவே, மேடிங்லி, செஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் டெங்கிலிலுள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. லயத்து வீட்டின் வாசலும் கோழிக்கூடும் முருங்கை மரமும் போய், படிக்கட்டும் எண்ணும் வந்தன. பின்னாளில் அவ்வீடுகளின் சுவர் வெடிப்புகளைப் பற்றியும், தரை வீடு வேண்டும் என்ற அம்மக்களின் கோரிக்கையைப் பற்றியும் நாளிதழ்கள் பல ஆண்டுகள் எழுதின. அச்செய்திகளிலும், வீடு தொடர்பான எந்தக் கடிதத்திலும், மீண்டும் மீண்டும் வரும் பெயரடைகள் சிலவற்றை நாம் அறிந்திருத்தல் நன்று.

‘சீப்’, ‘லோ காஸ்ட்’, ‘அஃபோர்டபிள்’ என்னும் மூன்றையும் மலிவு என்றே சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ‘சீப் ஹவுஸ்’ என்றால் மலிவோடு தரக்குறைவும் ஒட்டிக்கொள்ளும்; ஆதலின் எந்த அரசாங்கமும் அச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ‘லோ காஸ்ட்’ என்பது விலை வரம்பின் பெயர். அதற்கு அடுத்து இருப்பது ‘மீடியம் காஸ்ட்’. வீட்டின் உறுதியைப் பற்றி அச்சொல் ஒன்றுமே சொல்வதில்லை. விலை குறைவாதலின் வெடிப்பும் இயல்பே என்று யாரேனும் வாதிட்டால், அவர் விலைக்குரிய பெயரடையைச் சுவருக்குப் பொருத்துகிறார் என்று பொருள். ‘அஃபோர்டபிள்’ என்பதோ வீட்டின் பண்பே அன்று. வாங்குபவரின் கைக்கும் வீட்டின் விலைக்கும் உள்ள உறவு. மலாயில் ‘மம்பு மிலிக்’ என்பது இக்கருத்தைத் தெளிவாகவே சொல்கிறது. ஒருவருக்கு ‘அஃபோர்டபிள்’ ஆன வீடு மற்றொருவருக்கு எட்டாக் கனி. இச்சொல்லைக் காணும்போதெல்லாம் ‘யாருக்கு?’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

‘எம்ப்டி’யும் ‘வேகன்ட்’டும் காலி என்றே தமிழில் வரும். புட்டி ‘எம்ப்டி’ ஆகும், ‘வேகன்ட்’ ஆகாது. பதவி ‘வேகன்ட்’ ஆகும், ‘எம்ப்டி’ ஆகாது. வீடு இரண்டுமாகலாம். குடும்பம் ஊருக்குப் போயிருந்தால் வீடு ‘எம்ப்டி’. ஆனால் ‘வேகன்ட்’ அன்று. ‘வேகன்ட்’ என்பதற்கு எதிர் ‘ஃபுல்’ அன்று, ‘ஆக்குப்பைட்’, குடியிருப்பது. புதிய வீட்டின் சாவியைப் பெறும்போது ‘வேகன்ட் பொசெஷன்’ என்று ஒரு கடிதம் வரும். வேறெவரும் குடியிராத நிலையில் வீடு உங்கள் வசம் ஒப்படைக்கப்படுகிறது என்பது அதன் கருத்து. அக்கடிதத்தின் தேதியைப் பத்திரப்படுத்துக. வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் விற்பனை ஒப்பந்தங்களில், அந்நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியும் குறைகளைத் தம் செலவில் சரிசெய்து தருவது மேம்பாட்டாளரின் பொறுப்பாகும்.

அக்குறைகளை எழுதும்போதுதான் பெயரடையின் அருமை தெரியும். ‘தி ஹவுஸ் இஸ் வெரி பேட்’ என்று எழுதுவோர் பலர். மனத்தின் துயரம் அதில் இருக்கிறது. சுவரின் நிலை இல்லை. அதைப் படிக்கும் அதிகாரி ‘நோட்டட்’ என்று எழுதிக் கோப்பில் வைப்பார். கண் கண்டதனைச் சொல்லும் பெயரடை வேண்டும். சுவர் கைக்கு நசநசவென்று இருந்தால் ‘டேம்ப்’. நீர் வழிந்தால் ‘வெட்’. இரண்டுக்கும் எதிர் ‘டிரை’ என்றாலும், முன்னதற்குக் காரணம் கசிவு, பின்னதற்குக் காரணம் உடைந்த குழாயாக இருக்கலாம். தரைக்கல்லை நாணயத்தால் தட்டினால் ‘டொக்’ என்று வெற்றொலி கேட்டால் ‘ஹாலோ’. நன்றாகப் பதிந்தது ‘சாலிட்’. தரை மேடுபள்ளமாயின் ‘அன்ஈவன்’, எதிர் ‘லெவல்’. கதவின் கீல் ஆடினால் ‘லூஸ்’, எதிர் ‘ஃபர்ம்’.

வெடிப்புக்கு வரும்போது மிகவும் விழிப்பு வேண்டும். முடியிழை போன்றது ‘ஹேர்லைன்’, அகன்றது ‘வைட்’, சாய்வாக ஓடுவது ‘டயகனல்’, நாளுக்கு நாள் நீள்வது ‘குரோயிங்’. இவற்றையன்றி இன்னும் இரண்டு பெயரடைகள் உண்டு. அவை வழக்குகளையே தீர்மானிப்பவை. பூச்சில் மட்டும் ஏற்பட்ட வெடிப்பு ‘காஸ்மெட்டிக்’. கட்டடத்தின் எலும்பாகிய தூணிலும் உத்தரத்திலும் ஏற்பட்டது ‘ஸ்ட்ரக்சுரல்’. முன்னதற்குச் சாயம் போதும். பின்னதற்குச் சாயம் பூசுவது ஆபத்தை மூடி வைப்பதாகும். இவ்விரு சொற்களையும் பொறியியலாளர் மட்டுமே சொல்லத் தகும். குடியிருப்பவர் தாமாக ‘ஸ்ட்ரக்சுரல்’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு அதனை எளிதில் மறுத்துவிடும். வேறொருவர் வந்து பார்த்துவிட்டு வாய்ச்சொல்லாக ‘காஸ்மெட்டிக்’ என்றாலும் அதனை ஏற்றுக்கொண்டு கையெழுத்திடத் தேவையில்லை. யார் சோதித்தது, எந்தத் தேதியில், எழுத்து மூலம் தருக என்று கேட்கலாம். நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவே: ‘தி கிராக் இஸ் டயகனல், த்ரீ மில்லிமீட்டர்ஸ் வைட் அண்ட் குரோயிங். தி வால் பிலோ தி விண்டோ இஸ் டேம்ப்.’ அளவுகோலை வெடிப்பின் அருகில் வைத்து எடுத்த நிழற்படம் ஒன்றும், எடுத்த தேதியும் உடனிருந்தால் இவ்விரு வாக்கியங்களை மறுப்பது எளிதன்று.

பயிற்சி

கீழ்க்காணும் தொடர்களுக்கு எதிர்த்தொடர் எழுதிப் பாருங்கள். பெயரடையை மட்டும் மாற்றுக, பெயரை மாற்றற்க.

ரஃப் ரோட், ரஃப் சீ, ரஃப் எஸ்டிமேட். ஹார்ட் கிரவுண்ட், ஹார்ட் கொஸ்டின். தின் ஷீட், தின் ஹேர், தின் மேன்.

விடை: ஸ்மூத் ரோட், காம் சீ, எக்ஸாக்ட் எஸ்டிமேட்; சாஃப்ட் கிரவுண்ட், ஈசி கொஸ்டின்; திக் ஷீட், திக் ஹேர், ஃபேட் மேன். கடைசி விடையை அம்மனிதரின் காதில் விழும்படி வாசிக்க வேண்டா. நேரில் சொல்வதாயின் ‘ஸ்டவுட்’ என்பது சற்றுப் பணிவான சொல்.